நிலுவையில் ஒன்றுமில்லை

நானூற்றுப் பதினோரு நாள். ஒரு நாள்கூட விடாமல் கொரிய மொழி படித்திருந்தாள் சின்னவள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த மூன்று நாளும் அதில் அடக்கம். அக்காவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்ததும் அடக்கம்.

நானூற்றுப் பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாதிரித் தேர்வு ஒன்றை முழுசாக எழுதிப் பார்த்தாள். கட்டுரைப் பகுதிக்குத் தனக்குத் தானே கொஞ்சம் தாராளமாகவே மார்க் போட்டுக்கொண்டும் முந்நூற்றுக்கு எண்பத்து மூன்றுதான் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் இதேபோல் எழுதியபோது நூற்று ஒன்பது வந்திருந்தது. தேர்ச்சிக்கு நூற்றிருபது வேண்டும். நிஜத் தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

படிக்கப் படிக்க மார்க் இறங்குமா? கூட்டலை மூன்று முறை சரிபார்த்தாள். எண்பத்து மூன்று அப்படியே இருந்தது.

அவள் கூடத்துக்கு வந்ததும் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன, மூஞ்சி செத்துப்போய்க் கிடக்கு?”

“ஒண்ணுமில்லம்மா.”

“கொரியாக்காரங்களும் அம்மா அப்பான்னுதான் சொல்றாங்களாமே. அப்புறம் அதுல என்ன கஷ்டம்?”

இதைச் சொன்ன பதினைந்தாவது ஆள் அம்மா. பல் மருத்துவர்கூடச் சொல்லியிருந்தார், அவள் வாயைத் திறந்து வைத்திருந்த நேரமாகப் பார்த்து. இரண்டு வார்த்தை ஒன்றுபோல இருந்தால் மீதி இருபதாயிரம் வார்த்தையும் தானாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று எல்லாருக்கும் நினைப்பு. அவள் தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

அவள் படித்த முறை இது. செயலியில் ஒரு வார்த்தைக்கு ஒரு அட்டை. முன்பக்கம் கொரிய வார்த்தை, பின்பக்கம் பொருள். முன்பக்கத்தைப் பார்த்துப் பொருளை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அட்டையைத் திருப்பிச் சரிபார்த்துவிட்டு, மறுபடி, கஷ்டம், சரி, சுலபம் என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். மறந்துபோன அட்டை அடுத்த நிமிடமே திரும்பி வரும். தெரிந்த அட்டை நான்கு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள், ஒரு மாதம், நான்கு மாதம் என்று தள்ளித் தள்ளிப் போகும். நாம் மறக்கப்போகிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவதுதான் அதன் வேலை. அழுத்துகிறவர் பொய் சொல்லாத வரை அது தவறாது. அவள் பொய் சொன்னதில்லை. அரைகுறையாகத் தெரிந்தால்கூட ‘மறுபடி’தான். அறிவியல் படித்தவள். தெரியாததைத் தெரியும் என்று பதிந்தால் எல்லாம் பாழ் என்று தெரிந்தவள்.

அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் பொய் சொல்லாதவள். வீட்டில் சொன்னது வேறு.

ஏழு மாதத்துக்கு முன் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கொரியாவில் ஒரு பல்கலைக்கழகம், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் சவ்வுகளைப் பற்றிய ஆராய்ச்சி, மூன்று வருஷம். அவளுக்கு இடம் உண்டு, ஆனால் மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேற வேண்டும். கெடுவுக்குள் வருகிற தேர்வு இது ஒன்றுதான். அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரிக்குத் தெரியும், சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர். அம்மாவுக்குத் தெரியாது. ‘எங்க லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கு, கொரிய மெஷின், அந்தப் பாஷை தெரிஞ்சா நல்லது’ என்று சொல்லிவைத்திருந்தாள். மெஷின் வந்தது உண்மை. அதன் கையேடு ஆங்கிலத்திலும் இருந்ததைச் சொல்லவில்லை.

அப்பா போய் ஆறு வருஷம். அக்கா எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில். வீட்டில் இருப்பது இரண்டே பேர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தேறின பிறகு சொல்லலாம், தேறாவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தேர்வில் திணறிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் செயலியில் தேடினாள். ‘மிருதா’. ஒத்திப்போடுவது. கேள்வித்தாளில் மூன்று இடத்தில் வந்தது, மூன்றிலும் முழித்தாள். செயலியைக் கேட்டால் இந்த அட்டை அடுத்து வருவது ஏழு மாதம் கழித்து என்றது. ‘கியொல்குக்’. கடைசியில் என்று பொருள். பதினோரு மாதம் கழித்து. ‘ச்சம்தா’, பொறுத்துக்கொள்வது. அது ஒன்றரை வருஷத்துக்கு வராது.

அவள் நாற்பத்தொரு வார்த்தைகளைத் தேடினாள். முப்பத்தாறு, தேர்வு முடிந்து எத்தனையோ மாதம் கழித்து வருவதாக ஒதுங்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று முறை ‘சுலபம்’ அழுத்தப்பட்டிருந்தது.

இந்த இரண்டு மாதமாகத் அன்றன்றைக்குப் பார்க்கவேண்டிய அட்டைகளைக் காட்டும் சிவப்பு எண் குறைந்துகொண்டே வந்திருந்தது. அறுநூற்று நாற்பதில் இருந்தது, முந்நூறானது, நூறானது, சில நாள் மாலையில் பார்த்தால் இருபதுகூட இருக்காது. மொழி பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று அவள் மனசுக்குள் குதித்திருந்தாள். பரிசோதனைக்கூடத்தில் ஒரு எண் திடீரென்று ஏறினால் ஏன் என்று மூன்று முறை கேட்பவள், இது இறங்கியபோது ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

செயலிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினாள். செயலிக்காரர்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினாள். அவள் கோபமாக எழுதும் கடிதம் ‘மன்னிக்கவும், தொந்தரவு தருவதற்கு’ என்று ஆரம்பித்து ‘நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி’ என்று முடியும். நடுவில் இரண்டு வரியில்தான் எரிச்சல்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பதில் வந்தது. ‘பயனர் அழுத்துவதையே செயலி பதிவு செய்கிறது. உங்கள் கணக்கை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா?’

வேறு யார்? ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரிக்குப் பெயர் ப்யூரெட். அளவுக் குழாய் மாதிரி உயரம், ஒல்லி, எந்த ரகசியத்தைக் கொடுத்தாலும் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசியும். சின்னவளுக்கு அங்கே பெயர் பிளாங்க். எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒன்றுமே கலக்காத வெறும் தண்ணீரை ஒரு முறை சோதித்துப் பார்ப்பார்களே, அது. வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் வைத்த பெயர். போன வருஷம் ப்யூரெட்டுக்குக் கொரியத் தொடர்ப் பைத்தியம் பிடித்தபோது, நானும் படிக்கிறேன் என்று கேட்டு, செயலியின் கடவுச்சொல்லை வாங்கியிருந்தாள்.

ப்யூரெட் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள். எப்படிக் கேட்பது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள்.

“என்னடி பிளாங்க், கலர் மாறுது?”

“என் கார்டுல எல்லாம் நீதான் அழுத்தினியா?”

“எந்தக் கார்டு?”

“கொரியக் கார்டு. ரெண்டு மாசமா எல்லாத்துக்கும் சுலபம், சுலபம்னு போட்டு வச்சிருக்கு. உனக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு தெரியும். விளையாட்டா உனக்கு? இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு எனக்கு.”

ப்யூரெட் குலுக்குவதை நிறுத்தினாள். பிளாங்க் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் கோடியில் மாதிரிப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கூடக் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“உன் கார்டு எனக்கு எதுக்குடி? ஒரு வாரம் பார்த்தேன், தலை சுத்திச்சு, விட்டுட்டேன். நான் சீரியல்ல கீழ வர்ற இங்கிலீஷ் எழுத்தைப் படிச்சுக்கிட்டே சந்தோஷமா அழுதுக்கிட்டிருக்கேன். என்னைப் போய்...”

“அப்போ யாரு?”

“என்னைக் கேட்டா? சாம்பிள் எடுத்த நேரம் பார்க்காமலே ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற ஆளா நீ? எத்தனை மணிக்கு அழுத்தியிருக்குன்னு பார்த்தியா முதல்ல?” குடுவையை ஓசையோடு கீழே வைத்தாள். “பார்க்கல. நேரா என் கழுத்துல கத்தி.”

பார்க்கவில்லைதான். முகம் சூடேற, தன் மேசைக்கு வந்து கணினியில் செயலியின் பதிவேட்டை இறக்கினாள். ஒவ்வொரு அட்டைக்கும் தேதி, மணி, அழுத்திய பொத்தான், எடுத்துக்கொண்ட நொடி எல்லாம் வரிசையாக இருந்தன. தன்னுடையவற்றை முதலில் நீக்கினாள். அவள் காலை ஏழு மணிக்குக் கூடத்து டேப்லெட்டில் படிப்பாள், எட்டேகாலுக்கு பஸ்ஸில் போனில், மாலை ஆறுக்கு மறுபடி டேப்லெட்டில். அதெல்லாம் போக மிச்சம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் ‘சுலபம்’.

அவசரத்தில் தட்டியதாகவும் தெரியவில்லை. ஒரு அட்டைக்குப் பதினொரு நொடி. யாரோ நிதானமாக, பொறுப்பாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

நேரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் ஒன்றுகூட இல்லை. ஐந்துக்குப் பிறகு இல்லை. சனி, ஞாயிறு இல்லை. நடுவில் ஒரு புதன்கிழமை மட்டும் விட்டுப்போயிருந்தது. அம்மா கண் டாக்டரிடம் போன புதன்கிழமை.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுப் பதினாலு மாதம் ஆன பிறகும், ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு இடைவேளை எடுக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

ப்யூரெட் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. மன்னிச்சுக்கோ.”

“சத்தமாச் சொல்லு. கத்தினப்போ மட்டும் சத்தமா வந்துச்சே.”

“மன்னிச்சுக்கோடி.”

“போ, போ. லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. உன் குளோரின் சாம்பிளெல்லாம் நான் பார்த்துக்கறேன். இந்த மூஞ்சியோட நீ அமிலத்தைத் தொட்டா எனக்குத்தான் ஆபத்து.”

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டே கால். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிய முடிச்சு, எதிரில் டேப்லெட், பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. திரையில் ஒரு விரலால் தொட்டாள். பார்த்தாள். திருப்பினாள். பார்த்தாள். வலது ஓரத்துப் பொத்தானை அழுத்தினாள்.

“அதுக்குள்ள வந்துட்ட? உடம்புக்கு என்ன?” கண்ணை எடுக்காமலே கேட்டாள். “இன்னிக்கு எழுபத்தெட்டு இருந்துச்சு. இன்னும் இருபத்தொண்ணுதான். உக்காரு, முடிச்சுட்டு டீ போடறேன்.”

சின்னவள் நோட்டை எடுத்தாள். தேதி, ஆரம்ப நிலுவை, முடித்தவை, மிச்சம். அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்திருந்தது. நாற்பத்து நாலு நாள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம், ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் சுருக்கக் கையெழுத்து.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“எதுக்கா? நீதானே அன்னிக்குச் சாப்பிடறப்போ சொன்ன, அறுநூத்தி நாப்பது பெண்டிங் இருக்கு, தலை வெடிக்குதுன்னு. மறுநாள் பார்த்தேன், நிஜமாவே சிவப்புல எழுதியிருக்கு. நான் சீட்ல இருந்தவரைக்கும் ஒரு நாளும் அறுநூறு பெண்டிங் வச்சதில்ல. வீட்டுல இருக்கேன், சும்மாதானே இருக்கேன். தீர்த்து வச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே.”

“சொன்னா நீ வேணாம்ப. உனக்குத்தான் யாருகிட்டயும் எதையும் வாங்கிக்கத் தெரியாதே. சத்தமில்லாம செஞ்சாத்தான் உனக்குச் செய்ய முடியும்.”

“அந்தப் பாஷையில ஒரு எழுத்து தெரியுமா உனக்கு?”

“தெரியாது. ஆனா ரெண்டு பக்கமும் பார்க்காம நான் எதையும் தள்ளினதில்ல. நாலு பொத்தான் இருக்கு. ஒவ்வொண்ணு மேலயும் எப்ப திரும்பி வரும்னு போட்டிருக்கு. இடது பக்கம் அழுத்தினா ஒரு நிமிஷத்துல அதே வந்து நிக்குது. வலது பக்கம் நாலு மாசம், எட்டு மாசம். எது நல்லது, நீயே சொல்லு. நீண்ட தேதி குடுத்தாத்தானே மேசை காலியாகும்?”

அம்மாவின் முகத்தில் இருந்தது கெட்டிக்காரத்தனமான ஒரு சந்தோஷம். ரகசியமாகச் சேர்த்துவைத்த ஒன்றைத் திறந்து காட்டுகிறவளின் முகம். அதைப் பார்த்ததும் சின்னவளுக்கு அடக்கிவைத்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஐயோ, அது மேசை இல்லம்மா! அது என் தலை! என் தலைக்குள்ள ஏறவேண்டியதை நீ எப்படித் தீர்த்து வைப்ப? எனக்குத் தெரியாததையெல்லாம் தெரியும்னு எழுதி எழுதி அனுப்பிட்டியே. அது நம்பி எடுத்து உள்ள வச்சுடுச்சு. பரிட்சை முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு எடுத்துக் காட்டும். நான் எதை வச்சு எழுதட்டும்? முன்னாடி நூத்தி ஒன்பது வாங்கினேன், நேத்து எண்பத்தி மூணு!”

அம்மாவின் விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு மெதுவாக விரலை மடக்கிக்கொண்டாள். இருபத்தொன்று அப்படியே சிவப்பில் இருந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றினாள்.

“எனக்கு அது தெரியாது,” என்றாள்.

“தெரியாதுன்னா கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.” அம்மா அலுவலகத்தில் தப்பு நேர்ந்தால் இந்தக் குரலில்தான் ஒப்புக்கொள்வாளாக இருக்கும். “சரி. திரும்பத் திறக்க முடியுமா? தப்பா முடிச்ச ஃபைலைத் திறக்க எங்க ஆபீஸ்லயே வழி உண்டு. உயிரோட இருக்கறவரை இறந்துட்டார்னு பதிஞ்சு, அவர் நேர்ல வந்து நின்னு, அதையே மாத்தியிருக்கோம்.”

“மொத்தம் ரெண்டாயிரத்து நூறு கார்டு. பதினெட்டு நாள்ல முதல்ல இருந்து மாதிரி.”

“ஒரு நாளைக்கு நூத்திப் பதினேழு.”

“அதோட வேலையும் இருக்கும்மா. புதுசும் இருக்கு.”

“அப்போ இந்தத் தடவை விடு. ஆறு மாசத்துல மறுபடி வரும்னு நீதானே சொன்ன? நிதானமா எழுது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். டேப்லெட்டைப் பீரோவுல வச்சுப் பூட்டு, சாவியை நீயே வச்சுக்கோ.”

“அடுத்த தடவை எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

“ஏன் ஆகாது? மெஷின் எங்க ஓடிப்போகுது?”

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. இரண்டு மாதம் அம்மா செய்ததை நினைத்துக் கத்தினாள், சரி. அம்மா எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தாள். அவளைத் தெரியாமல் வைத்தது யார்?

அம்மா அதற்குள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அடிக்கோலை வைத்து மூன்று கோடு இழுத்துவிட்டாள். தேதி எழுதினாள். மேலே ‘மீண்டும் திறப்பவை’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

“நீ லீவு போடு. எத்தனை நாள் குடுப்பாங்களோ அத்தனை நாள். சமையல், துணி, கடை எதுக்கும் நீ எழுந்திருக்க வேணாம். காலையில அறுபது, மத்தியானம் அறுபது. நான் கார்டைத் தொடமாட்டேன், நீ முடிச்ச எண்ணிக்கையை மட்டும் எழுதறேன்.” பேனாவைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். “திறக்கறதுன்னா காரணம்னு ஒரு கட்டம் உண்டு. காரணம் இல்லாம நான் எதையும் திறந்ததில்ல. ஆறு மாசம் பொறுக்க முடியாத அவசரம் என்ன? சொல்லு, எழுதிக்கறேன்.”

“எழுத வேணாம்மா.”

“எழுதாம எப்படி?”

“பேனாவைக் கீழ வை.”

அம்மா அவளை ஒரு முறை பார்த்தாள். மூடியைப் போட்டுப் பேனாவை நோட்டின் மேல் வைத்தாள்.

சின்னவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதமாக எத்தனையோ விதமாகத் தயாரித்து வைத்திருந்தாள். அதில் ஒரு வாக்கியமும் வரவில்லை.

“எனக்கு அங்க படிக்க இடம் கிடைச்சிருக்கும்மா,” என்றாள். “இதுல பாஸ் பண்ணிட்டா நான் கொரியாவுக்குப் போறேன். மூணு வருஷம்.”